பேரரசரை வென்ற நோய்

உலகை வென்ற மன்னர் பலர். தம் நாவை வென்ற மன்னர் சிலரே. ஐரோப்பாவின் பாதியையும் அமெரிக்கக் கண்டத்தின் பெரும் பகுதியையும் தம் ஆணைக்குள் கொண்டுவந்த பேரரசர் ஒருவர், தம் மூட்டுகளுக்குள் புகுந்த ஒரு நோயிடம் தோற்று மகுடத்தை இறக்கி வைத்தார் என்றால் வியப்பாக இருக்கிறதன்றோ? அவர்தாம் புனித ரோமானியப் பேரரசர் ஐந்தாம் சார்லஸ்.

வரலாறு பயிலும் மாணவர்கள் இவரை நன்கு அறிவர். மார்ட்டின் லூதரின் சமயச் சீர்திருத்தத்தைப் படிக்கும் இடத்தில் இவரைச் சந்தித்திருப்பர். இவர் நடத்திய போர்களையும் செய்துகொண்ட உடன்படிக்கைகளையும் தேர்வுக்காக நெட்டுருச் செய்திருப்பர். ஆனால் இவருடைய உடலுக்குள் முப்பது ஆண்டுகள் நடந்த போரைப் பாடநூல்கள் ஓரிரு சொற்களில் முடித்துவிடுகின்றன. அந்தப் போரில் பகைவனாக வந்தது யூரிக் அமிலம் என்னும் சாதாரணக் கழிவுப் பொருள். இன்று நம் வீடுகளில் இரத்தப் பரிசோதனைத் தாளில் அடிக்கடி காணப்படும் அதே பெயர்தான். ஆகவே இவர் வாழ்க்கை நமக்கும் தொடர்புடையதே.

பிறப்பும் வளர்ப்பும்

சார்லஸ் 1500-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 24-ஆம் நாள், இன்றைய பெல்ஜிய நாட்டில் உள்ள கென்ட் நகரில் பிறந்தார். தந்தை பர்கண்டியின் பிலிப்; தாய் ஸ்பெயின் இளவரசி ஹுவானா. தந்தை வழிப் பாட்டனார் பேரரசர் மாக்சிமிலியன். தாய் வழிப் பாட்டனாரும் பாட்டியாரும், கொலம்பசைக் கடலுக்கு அனுப்பிய பெர்டினாண்டும் இசபெல்லாவும் ஆவர். போரிட்டுப் பெறாமல், திருமணங்களின் வாயிலாகவே நாடுகள் பல இவருடைய தொட்டிலை வந்தடைந்தன.

ஆனால் அந்தத் தொட்டிலில் அன்பு குறைவு. ஆறு வயதில் தந்தையை இழந்தார். தாய் மனநோயுற்றவர் எனக் கருதப்பட்டு, டோர்டெசில்லாஸ் என்னும் ஊரில் அடைத்து வைக்கப்பட்டார். 1555-இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். சிறுவனை மெக்கலன் நகரில் இருந்த அத்தை மார்கரெட் வளர்த்தார். ஆசிரியராக வாய்த்த உட்ரெக்ட் நகர அட்ரியன் பிற்காலத்தில் போப்பாண்டவராகவே உயர்ந்தார்.

குடும்பத்திலிருந்து நாடுகளோடு வேறொன்றும் இவருக்கு வந்தது. ஹாப்ஸ்பர்க் மரபினர் பலருக்கும் இருந்ததுபோல் இவருடைய கீழ்த்தாடை நீண்டு முன்னே துருத்தி நின்றது. மேற்பற்களும் கீழ்ப்பற்களும் சரியாகப் பொருந்தவில்லை. உணவை நன்றாக மெல்ல இயலாது. பேச்சும் தெளிவாக இராது. பிறர் பார்க்க உண்பதில் கூச்சம் கொண்டு, பெரும்பாலும் தனியே உண்பதையே விரும்பினார். பசியோ மிகப் பெரிது. மெல்ல முடியாத வாயும் அடங்காத பசியும் ஒருவரிடமே சேர்ந்திருந்தன.

மகுடங்களின் சுமை

1516-இல் ஸ்பெயினின் அரசரானபோது சார்லசுக்கு வயது பதினாறு. 1519-இல் பாட்டனார் மாக்சிமிலியன் மறைந்தார். பேரரசர் பதவிக்கு பிரான்சு மன்னர் முதலாம் பிரான்சிசும் போட்டியிட்டார். ஏறத்தாழ 8,50,000 புளோரின் செலவில் சார்லஸ் அத்தேர்தலில் வென்றார். அதில் பெரும் பங்கு ஆக்ஸ்பர்க் நகர வணிகர் யாக்கோபு புக்கர் கடனாகக் கொடுத்தது. பத்தொன்பது வயதில் பேரரசர். அதே வயதில் பெருங்கடனாளி!

அதன் பின் ஓய்வு என்பதே இல்லை. 1521-இல் வோர்ம்ஸ் மன்றத்தில் லூதரை நேருக்கு நேர் விசாரித்தார். அதே ஆண்டில் கோர்டெஸ் மெக்சிகோவை வென்று இவருடைய ஆட்சியில் சேர்த்தார். மகெல்லன் தலைமையில் இவர் அனுப்பிய கப்பல்களுள் ஒன்று உலகைச் சுற்றி முடித்து 1522-இல் திரும்பியது. 1525-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள், இவருடைய பிறந்த நாளன்று, பாவியா போர்க்களத்தில் பிரான்சு மன்னரே சிறைப்பட்டார். 1527-இல் சம்பளம் கிடைக்காத இவருடைய படையினர் ரோமாபுரியைச் சூறையாடினர். அந்தப் பழி இவர் பெயரில் நின்றது. 1530-இல் பொலோனா நகரில் போப்பாண்டவர் இவருக்கு முடிசூட்டினார். 1542-இல் அமெரிக்கப் பழங்குடியினரை அடிமைகொள்வதைத் தடுக்கும் புதிய சட்டங்களை இவர் பிறப்பித்தார். அவை முழுமையாக நடைமுறைக்கு வராவிடினும், அந்நாளில் ஒரு பேரரசர் அப்படி எண்ணியதே சிறப்பு.

1526-இல் போர்த்துகல் இளவரசி இசபெல்லாவை மணந்தார். அரசியலுக்காக நடந்த திருமணம் அன்பு மிக்க இல்லறமாக மலர்ந்தது. 1539-இல் இசபெல்லா மகப்பேற்றின்போது இறந்தார். சார்லசுக்கு அப்போது வயது முப்பத்தொன்பது. மறுமணம் செய்துகொள்ளவில்லை, அதன் பின் பெரும்பாலும் கரிய உடையே உடுத்தினார்.

முதல் வலி

இத்தகைய வாழ்க்கையின் நடுவில், 1528-ஆம் ஆண்டளவில், இருபத்தெட்டாம் வயதில், நோய் முதன்முதலாகக் கதவைத் தட்டியது. அது கவுட் என்று மருத்துவர்கள் கூறும் கீல்வாதம். கீல்வாதங்களுள் பல வகை உண்டு. இது யூரிக் அமிலத்தால் வருவது. பெரும்பாலும் நள்ளிரவில் தொடங்கும். நேற்றுவரை நன்றாக இருந்த மூட்டு சிவந்து, வீங்கி, நெருப்பாய்க் கொதிக்கும். மேலே போர்த்திய மெல்லிய துணியின் பாரத்தைக்கூடத் தாங்க இயலாது.

நம் உடலின் உயிரணுக்களிலும் நாம் உண்ணும் உணவிலும் பியூரின் என்னும் பொருள்கள் உள்ளன. அவை சிதையும்போது யூரிக் அமிலம் உண்டாகிறது. பெரும்பாலான பாலூட்டிகளின் உடலில் அதனை மேலும் உடைத்துக் கரையச் செய்யும் நொதி ஒன்று உண்டு. மனிதரும் வாலில்லாக் குரங்குகளும் பரிணாம வழியில் அந்த நொதியை இழந்துவிட்டனர். எனவே நாம் அதனைச் சிறுநீரகங்களின் வழியாகவும் குடலின் வழியாகவும் வெளியேற்றியே ஆக வேண்டும். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சிறுநீரில் போகிறது. 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் யூரிக் அமிலம் 6.8 மில்லி கிராமைத் தாண்டினால் அது முழுமையாகக் கரைந்து நிற்பதில்லை. அந்நிலை ஆண்டுக்கணக்கில் நீடித்தால் ஊசி போன்ற படிகங்களாக மூட்டுகளில் படியலாம். உடலின் காவல் அணுக்கள் அப்படிகங்களைப் பகைவர் எனக் கருதித் தாக்குகின்றன. அந்தப் போரின் வெம்மையே நோயாளி உணரும் வலி.

இந்நோயின் கொடுமை வலியில் மட்டும் இல்லை. அது தரும் ஓய்விலும் இருக்கிறது. ஒரு வாரம் அல்லது இரு வாரங்களில் வலி தானே அடங்கிவிடும். நோயாளி எழுந்து நடப்பார். பட்ட துன்பத்தை மறப்பார். படிகங்களோ மூட்டைவிட்டுப் போவதில்லை. தொடக்கத்தில் நோய் சார்லசையும் இப்படித்தான் ஏமாற்றியது. வலி வந்தபோது படுத்தார், அடங்கியதும் குதிரையேறினார், விருந்துக்கும் அமர்ந்தார்.

பேரரசரின் உணவு மேசை

அந்த விருந்துகளைப் பற்றி அக்காலத்தவர் பலர் எழுதி வைத்துள்ளனர். மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி, வேட்டைப் பறவைகள், மீன் வகைகள் என்று தட்டுகள் தொடர்ந்து வரும். குளிரூட்டிய பீர் காலையிலிருந்தே இவருக்கு வேண்டும். 1550-களின் தொடக்கத்தில் இவர் விருந்துண்பதை நேரில் கண்ட ஆங்கில அறிஞர் ரோஜர் ஆஸ்கம், இவர் ஒவ்வொரு முறையும் பெரிய கோப்பை நிறைய ரைன் நாட்டுத் திராட்சை மதுவை அருந்தியதை வியப்போடு பதிவு செய்தார்.

எச்சரித்தவர்கள் இல்லாமல் இல்லை. இவருக்குப் பாவமன்னிப்பு வழங்கும் குருவாக இருந்த கார்சியா டி லோவாய்சா, 1530-இல் ரோமிலிருந்து எழுதிய கடிதங்களில், உடலுக்கு ஒவ்வாத மீனை விடும்படியும் உணவில் அளவு காணும்படியும் மன்றாடினார். மருத்துவர்களும் பீரை விடச் சொன்னார்கள். பேரரசர் கேட்டுக்கொண்டார், ஆனால் பின்பற்றவில்லை. ஆணையிட்டுப் பழகியவருக்கு ஆணையிடுவார் யார்? நம் வீட்டுத் தாய் தட்டை எடுத்துவிடுவாள். மனைவி முகம் சுளிப்பாள். பேரரசரின் தட்டை எடுக்க அவருடைய அரண்மனையில் ஒருவரும் இல்லை.

மருத்துவர்களின் இருட்டு

அக்கால மருத்துவத்தின் நிலையையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். உடலில் உள்ள நீர்மங்களுள் ஒன்று மிகுந்து, சொட்டுச் சொட்டாக மூட்டுக்குள் வடிகிறது என்று அவர்கள் நம்பினர். கவுட் என்னும் பெயரே துளி என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்ததுதான்.

சார்லசுக்கு மருத்துவம் பார்த்தவர்களுள் ஒருவர், உடற்கூற்றியலின் தந்தை எனப் போற்றப்படும் ஆண்ட்ரியாஸ் வெசாலியஸ். 1543-இல் வெளியான தம் புகழ்பெற்ற நூலை அவர் இப்பேரரசருக்கே காணிக்கையாக்கினார். அந்நாளில் கிழக்கு நாடுகளிலிருந்து போர்த்துகீசியர் வழியாக ஐரோப்பாவுக்குச் சென்ற சீன வேர் என்னும் மருந்தைச் சார்லஸ் ஆவலோடு உண்டார். அது வேறொன்றும் அன்று. நம் நாட்டு மருந்துக் கடைகளில் பறங்கிப்பட்டை என்று விற்கப்படும் சரக்குதான். அம்மருந்தைப் பற்றி 1546-இல் வெசாலியஸ் தனி நூலே எழுதினார். ஆனால் அதனைப் பெரிதாகப் புகழவில்லை. மனித உடலை அன்று வேறெவரையும்விட நன்கறிந்த மருத்துவர் அருகிலேயே இருந்தார். ஆயினும் நோயின் காரணம் அவருக்கும் தெரியாது. யூரிக் அமிலம் என்ற பொருள் கண்டறியப்பட இன்னும் 230 ஆண்டுகள் கழிய வேண்டியிருந்தது.

குதிரையும் நாற்காலியும்

1547-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் மூல்பர்க் போரில் சார்லஸ் சீர்திருத்தச் சமயத்து இளவரசர்களை முறியடித்தார். அவ்வெற்றியைக் கொண்டாட, மறு ஆண்டு டிஷியன் என்னும் வெனிஸ் ஓவியர் இவரை வரைந்தார். கவசம் பூண்டு, கையில் ஈட்டி ஏந்தி, கரிய குதிரைமேல் தனியே செல்லும் வீரராக அந்த ஓவியத்தில் சார்லஸ் காட்சி தருகிறார். அது இன்று மாட்ரிட் நகரில் பிராடோ கலைக்கூடத்தில் உள்ளது.

அதே 1548-இல் வரையப்பட்ட மற்றோர் ஓவியம் மியூனிக் நகரில் உள்ளது. அதில் குதிரை இல்லை, கவசமும் இல்லை. கரிய உடையில் நாற்காலியில் அமர்ந்திருக்கும் களைத்த மனிதர் ஒருவரைக் காண்கிறோம். வயது நாற்பத்தெட்டுதான், தோற்றமோ கிழப்பருவம். முதல் ஓவியம் உலகம் காண விரும்பிய பேரரசர். இரண்டாவது, நோய் விட்டுவைத்த மனிதர்.

நான்கு ஆண்டுகளில் அந்த வேறுபாடு உலகுக்கே தெரிந்துபோயிற்று. 1552 மே மாதத்தில், நண்பராக இருந்த சாக்சனியின் மோரிஸ் திடீரெனப் பகைவராகி இன்ஸ்பிரக் நகரை நோக்கிப் படை நடத்தினார். சார்லசால் குதிரையேற முடியவில்லை. இரவில் பல்லக்கில் ஏற்றி, ஆல்ப்ஸ் மலையின் பிரென்னர் கணவாய் வழியாக அவரைத் தூக்கிச் சென்றனர். பாவியாவில் ஒரு மன்னரைச் சிறைப்பிடித்தவர், தாமே சிறைப்படாமல் தப்ப வேண்டிய நிலைக்கு வந்தார்.

அவ்வாண்டு இறுதியில் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றியிருந்த மெட்ஸ் நகரை மீட்க முற்றுகையிட்டார். நோய் வழியில் தாக்கியதால் பாசறையை அடையவே நவம்பர் ஆகிவிட்டது. கடுங்குளிரும் படையில் பரவிய கொள்ளைநோயும் சேர்ந்துகொண்டன. 1553 சனவரியில் முற்றுகை கைவிடப்பட்டது. அத்தோல்விக்குக் கீல்வாதம் மட்டுமே காரணம் என்று கூறுவது மிகையாகும். ஆனால் பருவம் தவறியதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. முன்பெல்லாம் போரின் காலத்தை அவர் குறித்தார். இப்போது நோய் குறித்தது.

மகுடம் துறத்தல்

1555-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள் பிரசல்ஸ் அரண்மனை மண்டபத்தில் பெருங்கூட்டம் கூடியிருந்தது. ஒரு கையில் ஊன்றுகோலும், மறு கை ஆரஞ்சு இளவரசர் வில்லியத்தின் தோளிலுமாகச் சார்லஸ் மெல்ல நடந்து வந்தார். மூக்குக் கண்ணாடி அணிந்து, குறிப்பைப் பார்த்துப் பேசினார். தம் வாழ்நாட் பயணங்களைக் கணக்கிட்டுச் சொன்னார்: ஜெர்மனிக்கு ஒன்பது முறை, ஸ்பெயினுக்கு ஆறு முறை, இத்தாலிக்கு ஏழு முறை, நெதர்லாந்துக்குப் பத்து முறை, பிரான்சுக்கு நான்கு முறை, இங்கிலாந்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இரண்டிரண்டு முறை. அத்தனை தொலைவு சென்ற கால்கள் அன்று அந்த மண்டபத்தைக் கடக்கவே மற்றொருவரின் தோளை வேண்டின. உடல் இனி இடம் தராது என்று கூறி, செய்த பிழைகளுக்கு மன்னிப்பும் வேண்டினார். கூடியிருந்தோர் கண்ணீர் வடித்ததாக வரலாறு கூறுகிறது.

நெதர்லாந்தும், மறு ஆண்டு ஸ்பெயினும் மகன் பிலிப்புக்குச் சென்றன. பேரரசர் பதவி தம்பி பெர்டினாண்டுக்குச் சென்றது. சாகும்வரை அரியணையைப் பற்றிக்கொண்டு நிற்போரே மிகுந்த உலகில், தாமாக இறங்கிய சார்லசின் செயல் போற்றத்தக்கது. அதிகாரத்தைத் துறப்பது எளிதன்று. அதனை அவர் செய்தார்.

யூஸ்டேயில் ஒரு முதியவர்

1557 பிப்ரவரியில் ஸ்பெயினின் மலைப்பகுதியில் உள்ள யூஸ்டே மடாலயத்தை ஒட்டிக் கட்டிய சிறு மாளிகையில் குடியேறினார். படியேற இயலாதவருக்காக, குதிரையிலிருந்தபடியே மேல்தளம்வரை செல்லச் சாய்தளம் அமைத்திருந்தனர். படுக்கையில் இருந்தபடியே கோயில் பலிபீடத்தைக் காணும்படி அறையின் கதவு திறந்தது. கால்களை நீட்டி வைத்துக்கொள்ளப் பலகை பொருத்திய நாற்காலி ஒன்றும் இருந்தது. கடிகாரங்கள்மேல் பெருவிருப்பம் கொண்ட சார்லஸ், ஹுவானெலோ டூரியானோ என்னும் கைவினை வல்லுநரை உடன் வைத்திருந்தார். தாழ்வாரத்தின் கீழே ஒரு குளம். அதில் தூண்டில் போடுவது இவருடைய பொழுதுபோக்கு.

மகுடங்களை விட்டுவந்தவர் உணவை மட்டும் விடவில்லை. பீர் காய்ச்சும் பிளெமிய வல்லுநர் ஒருவரும் பரிவாரத்தோடு வந்திருந்தார். வாலடோலிட் நகரிலிருந்து லிஸ்பன் செல்லும் அஞ்சல் தூதர் வழியை மாற்றிவந்து, விரத நாளுக்கு வேண்டிய மீனைத் தந்துவிட்டுப் போகும்படி பணிக்கப்பட்டார். விலாங்கு மீன், நெத்திலி, சிப்பி என்று விருப்பமானவை மலை தாண்டி வந்தன. வீட்டு மேலாளராக இருந்த லூயிஸ் கிஹாதா என்னும் பழைய போர்வீரர், வாயை மூடுவதே இந்நோய்க்கு மருந்து என்ற கருத்தில் வெளிப்படையாகவே எழுதினார். வரும் தின்பண்டங்களைத் தடுக்க முயன்றார், தோற்றார்.

1558 ஆகஸ்ட் இறுதியில் சார்லசுக்குக் காய்ச்சல் கண்டது. செப்டம்பர் 21-ஆம் நாள், ஐம்பத்தெட்டாம் வயதில் உயிர் பிரிந்தது. உயிரைக் கொண்டுபோனது கீல்வாதம் அன்று, மலேரியா.

விரல் சொன்ன சாட்சி

1574-இல் இவருடைய உடல், மகன் பிலிப் எழுப்பிய எஸ்கோரியல் மடாலயத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. உடலிலிருந்து பிரிந்த ஒரு விரலின் நுனி மட்டும் அங்கே செந்நிற வெல்வெட் பெட்டி ஒன்றில் தனியே பாதுகாக்கப்பட்டு வந்தது. ஸ்பெயின் நாட்டு அறிவியலார் அதனை ஆராய இசைவு பெற்றனர். நான்கரை நூற்றாண்டாகக் காய்ந்துபோன தசையை ஈரமூட்டி நுண்ணோக்கியில் நோக்கினர். ஊசி ஊசியாக யூரிக் அமிலப் படிகங்கள் நிறைந்திருந்தன. பெரிய படிகக் கட்டி ஒன்று எலும்பை அரித்து, மூட்டைச் சிதைத்து, சுற்றியிருந்த தசைவரை பரவியிருந்தது. 2006-ஆம் ஆண்டு அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவ இதழ் ஒன்றில் இம்முடிவு வெளிவந்தது. அவ்விரலிலேயே மலேரியாக் கிருமியின் தடயத்தையும் கண்டதாக 2007-இல் மற்றோர் ஆய்வு கூறியது.

அரசவைக் குறிப்புகளில் மிகை இருக்கலாம். ஓவியங்கள் புகழ்ந்து பேசலாம். எலும்பு பொய் சொல்வதில்லை. பேரரசர் சோம்பலால் படுத்தாரோ, அரசியல் தந்திரத்தால் நோயை நடித்தாரோ என்ற ஐயத்துக்கு இனி இடமில்லை. அவர் பட்டது உண்மையான, கொடிய வலி.

குற்றம் யாருடையது?

இக்கதையைக் கேட்பவர், பெருந்தீனிக்குக் கிடைத்த தண்டனை என்று எளிதாகத் தீர்ப்புக் கூறிவிடுவர். அத்தீர்ப்பு பாதி உண்மைதான். 47,150 ஆண்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் கவனித்து 2004-இல் வெளியான ஆய்வு, இறைச்சியும் கடல் மீனும் மிகுதியாக உண்போருக்கு இந்நோய் கூடுதலாக வருவதைக் காட்டியது. பால் உணவுகள் உண்போருக்குக் குறைவாக வந்தது. பியூரின் உள்ள காய்கறிகளாலோ ஆபத்து கூடவில்லை. அதே குழுவினர், மது வகைகளுள் பீரே மிகுந்த தீங்கு செய்வதையும் கண்டனர். இன்றைய சர்க்கரைப் பானங்களும் இந்த அமிலத்தைக் கூட்டுகின்றன. சார்லசின் மேசையில் எவை மிகுந்திருந்தனவோ அவையே அவருக்குப் பகையாயின என்பது தெளிவு.

மறு பாதி வேறு. இந்நோயாளிகளுள் பெரும்பாலோருக்கு அடிப்படைக் காரணம், யூரிக் அமிலத்தைப் போதிய அளவு வெளியேற்றாத சிறுநீரகமும் குடலும் ஆகும். அதில் பரம்பரைக்குப் பெரும்பங்கு உண்டு. சார்லசின் மகன் இரண்டாம் பிலிப்பும் பிற்காலத்தில் இதே நோயால் நாற்காலியில் முடங்கினார். சார்லசைப் போலவே உண்டு களித்த பிரபுக்கள் பலர் வலியறியாமல் வாழ்ந்தனர். யூரிக் அமிலம் மிகுந்த அனைவருக்கும் கீல்வாதம் வருவதில்லை. உணவைக் குறைப்பதால் மட்டும் அந்த அளவு இறங்குவதும் சிறிதே. எனவே நோயாளியைப் பார்த்து வாயைக் கட்டு என்று ஏளனம் செய்வோர், கிஹாதாவின் காலத்திலேயே நின்றுவிட்டவர் ஆவர்.

இந்த அமிலம் தனியாகவும் வருவதில்லை. உடல் பருமன், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, கொழுப்பு படிந்த கல்லீரல், சிறுநீரகக் கல் ஆகியவற்றோடு அடிக்கடி சேர்ந்தே காணப்படுகிறது. உடலில் இன்சுலின் அளவு உயர்ந்து நிற்கும்போது சிறுநீரகம் யூரிக் அமிலத்தை வெளியேற்றுவது குறைகிறது. ஆகவே கால் விரலில் வலி கண்டவர், காலை மட்டும் கவனித்தால் போதாது. இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் சிறுநீரகத்தையும் சேர்த்துப் பரிசோதித்துக்கொள்வதே அறிவுடைமை.

அறிவு வந்த வழி

1776-இல் ஸ்வீடன் நாட்டு மருந்தாளர் ஷீலே சிறுநீர்ப்பைக் கற்களில் யூரிக் அமிலத்தைக் கண்டார். 1797-இல் வோலாஸ்டன் கீல்வாதக் கட்டிகளில் அதனைக் காட்டினார். 1848-இல் காரட் என்னும் ஆங்கில மருத்துவர் நோயாளியின் இரத்தத்தில் அது மிகுந்திருப்பதை நிறுவினார். 1966-இல் அல்லோபியூரினால் என்னும் மாத்திரை அமெரிக்காவில் இந்நோய்க்கு ஏற்கப்பட்டது. உடல் யூரிக் அமிலத்தை உண்டாக்குவதையே அது குறைக்கிறது. அதனை உருவாக்கிய ஹிட்சிங்சும் எலியன் அம்மையாரும் 1988-இல் நோபல் பரிசு பெற்றனர். இன்று மருத்துவரின் மேற்பார்வையில் தொடர்ந்து மருந்துண்டு, யூரிக் அமிலத்தை 6 மில்லி கிராமுக்குக் கீழே நிறுத்தினால், படிந்த படிகங்களும் காலப்போக்கில் கரைந்துவிடும். வலி நின்றதும் மருந்தையும் நிறுத்துவோர்தாம் சார்லசின் பழைய பிழையைச் செய்கின்றனர்.

வலி எழும்போது அடக்கப் பயன்படும் கோல்சிசின் என்னும் மருந்துக்கும் நம் மண்ணுக்கும் தொடர்பு உண்டு. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் விதையிலிருந்து அது எடுக்கப்படுகிறது. திண்டுக்கல், கரூர், திருப்பூர் மாவட்டங்களில் உழவர்கள் இதனைக் கண்வலிக் கிழங்கு என்ற பெயரில் பயிரிடுகின்றனர். அச்செடி கொடிய நஞ்சு. தாமாக உண்டவர் உயிரிழப்பர். அளந்து கொடுக்கும் மருத்துவரின் கையில் மட்டுமே அது மருந்தாகும்.

முடிவுரை

ஐந்தாம் சார்லஸ் கெட்டவர் அல்லர். உழைத்தார், மனைவியை நேசித்தார், பிழைகளுக்கு மன்னிப்புக் கேட்டார், உரிய வேளையில் அரியணையை விட்டு இறங்கினார். தம்மால் இயன்ற ஒன்றை, அதாவது உணவில் அளவை, அவர் செய்யவில்லை. தம்மால் இயலாத மற்றொன்றை, அதாவது பரம்பரையாக வந்த உடலின் குறையை, அவர் காலத்தில் எவராலும் நீக்க இயலவில்லை. முன்னதற்கு அவரைக் குறை கூறலாம். பின்னதற்கு அவர்மேல் இரக்கமே கொள்ள வேண்டும்.

உலகப் பேரரசருக்குக் கிட்டாத ஒரு குருதிச் சோதனையும் ஒரு மாத்திரையும் இன்று அரசு மருத்துவமனைக்கு நடந்து செல்லும் ஏழைக்கும் கிடைக்கக்கூடியவை. நம் வீட்டுத் திண்ணையில் வீங்கிய காலை முக்காலிமேல் தூக்கிவைத்து அமர்ந்திருக்கும் பெரியவரைக் காணும்போது, யூஸ்டேயின் நாற்காலியை நினைவு கொள்வோம். அவரை ஏளனம் செய்யாமல், கையைப் பிடித்து மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். தோள் கொடுக்க ஓர் இளவரசர்தாம் வர வேண்டும் என்பதில்லை. படித்த பேரப்பிள்ளை ஒருவர் போதும்.